அதோ, அதுதான் நிக்கோடெமஸ்

கேள்வி இதுதான்: "அமெரிக்க வரைபடத்தில் பல ஊர்களை ‘நகராட்சித் தகுதி பெறாத குடியிருப்பு’ என்று குறித்திருக்கிறார்கள். மேயர் கிடையாது, மன்றம் கிடையாது, சட்டப்படி வகுத்த எல்லைகூடக் கிடையாது. பத்திருபது பேர் வாழும் இப்படியோர் இடத்துக்கு வரலாறு என்று சொல்ல என்ன இருந்துவிடப் போகிறது?"

நிறைய இருக்கிறது. பொதுவாகப் பேசினால் அது தெரியாது என்பதால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே இருக்கிறது நிக்கோடெமஸ். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 14 பேர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் மேற்குச் சமவெளியில் உருவாக்கிய ஊர்களில் இன்றுவரை கலையாமல் நிற்கும் மிகப் பழைய ஊர் அது.

முதலில் அந்தச் சொல்லை விளங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் ஓர் ஊர் பெரிதாகிவிட்டால் தானாக நகராட்சி ஆகிவிடுவதில்லை. ஊர்மக்கள் மாநிலச் சட்டப்படி விண்ணப்பித்து அந்தத் தகுதியைப் பெற வேண்டும். பெறாத ஊர்களின் சாலை, காவல், வரி எல்லாவற்றையும் கவுண்டியும் டவுன்ஷிப்பும் பார்த்துக்கொள்கின்றன. கவுண்டி என்பது ஏறத்தாழ மாவட்டம். டவுன்ஷிப் அதன் உட்பிரிவு. டவுன்ஷிப் என்ற சொல் நில அளவையிலும் உண்டு. மேற்கு நிலங்களை அளந்தவர்கள் ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று கட்டம் போட்டு, அதை 640 ஏக்கர் கொண்ட 36 சதுரங்களாகப் பிரித்தார்கள். ஒரு சதுரத்தில் கால் பங்கு 160 ஏக்கர். 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த நிலம் இந்தக் கால் சதுரம்தான். சிறு கட்டணம் செலுத்திப் பதிந்துகொண்டு, ஐந்தாண்டு அங்கேயே வாழ்ந்து பயிரிட்டால் நிலம் சொந்தமாகிவிடும். 1868-இல் வந்த 14-ஆவது சட்டத்திருத்தம் கறுப்பின மக்களின் குடியுரிமையை அரசியல் சாசனத்தில் எழுதிவைத்தது. அதன்பின் அவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருந்தது, எழுத்தளவிலாவது.

நிக்கோடெமஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். கென்டக்கி உள்நாட்டுப் போரில் பிரிந்துபோகாத மாநிலம். அதனால் லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லவில்லை. அங்கிருந்த அடிமைகளுக்கு விடுதலை 1865 டிசம்பரில், 13-ஆவது சட்டத்திருத்தத்தோடுதான் கிடைத்தது. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. நேற்றுவரை எஜமானாக இருந்தவனிடமே குத்தகைக்கும் கூலிக்கும் நிற்க வேண்டியிருந்தது. இரவு நேரங்களில் வெள்ளையர் கும்பல்களின் தாக்குதல் வேறு. 1877 ஏப்ரலில் தென்மாநிலங்களின் தலைநகரங்களில் எஞ்சியிருந்த கூட்டாட்சிப் படைகளும் காவலை விலக்கிக்கொண்டன. அதே ஏப்ரலில்தான் கான்சாஸில் நிக்கோடெமஸ் ஊர்க் கம்பெனி பதிவானது. இந்த இரண்டையும் நான் எப்போதும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

கம்பெனியில் ஏழு பேர். ஆறு பேர் கறுப்பினத்தவர். ஏழாமவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நிலத் தரகர். தலைவர் போதகர் டபிள்யூ. எச். ஸ்மித். 160 ஏக்கரில் ஊர்மனைகளை வகுத்தார்கள். ஒரு மனை 5 டாலர். கென்டக்கித் தேவாலயங்களுக்கு ஹில் நேரில் போய்ப் பேசினார். கான்சாஸ் மண்ணின் வளத்தைப் பற்றியும், பழக்கிக்கொள்ளலாம் என்றபடி திரியும் காட்டுக் குதிரைகளைப் பற்றியும் வாக்குறுதிகள் பறந்தன. 1877 ஜூலையில் அச்சிட்ட துண்டறிக்கை நாட்டின் கறுப்பினக் குடிமக்கள் அனைவரையும் அழைத்தது. ஐந்தாண்டுக்கு ஊர் எல்லைக்குள் மதுக்கடை கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. குடும்பம் குட்டியோடு வாழ வரும் மக்களைத்தான் எதிர்பார்த்தார்கள் என்பதற்கு எனக்கு இந்த ஒரு வரி போதும்.

கான்சாஸ் என்ற பெயருக்கே அப்போது ஒரு மந்திரம் இருந்தது. அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் போரிட்ட மண் அது. அடிமைமுறைக்கு இடமில்லாத மாநிலமாகவே 1861-இல் ஒன்றியத்தில் சேர்ந்தது.

ஊரின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு நினைவுக்கு வருவார். ஊர்ப்பெயருக்கு அவரைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் துண்டறிக்கையில் இருந்த பாட்டு அக்காலத்தில் பரவலாகப் பாடப்பட்ட வேறொரு நிக்கோடெமஸைப் பற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அடிமை அவன். தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கினான் என்பது வாய்வழிக் கதை. இந்த இரண்டாவது விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. வந்தவர்களும் தங்கள் விடுதலைக்கு விலை கொடுக்கத்தான் கிளம்பியிருந்தார்கள்.

1877 செப்டம்பரில் முதல் பெரிய கூட்டம் வந்தது, முந்நூறு பேருக்கு மேல். எல்லிஸ் என்ற ஊர்வரை ரயில். அங்கிருந்து சுமார் 35 மைல் நடை. அடுத்த ஆண்டு வசந்தத்தில் போதகர் டேனியல் ஹிக்மன் தலைமையில் மற்றொரு கூட்டம் வந்தது. எல்லிஸில் தங்கியிருந்தபோது அவர்களிடையே தட்டம்மை பரவிச் சில குழந்தைகள் இறந்துபோயின. அவர்களைப் புதைத்துவிட்டு, பாதையே இல்லாத புல்வெளியில் திசைகாட்டியை நம்பி நடந்தார்கள். போதகரின் மனைவி வில்லியானா ஹிக்மன் முதுமையில் நினைவுகூர்ந்த காட்சி ஒன்று உண்டு. இந்த ஊரைப் பற்றி எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

உடன் வந்த ஆண்கள் "அதோ நிக்கோடெமஸ்!" என்று கூவினார்களாம். நோயில் துவண்டிருந்த அவருக்கு அதைக் கேட்டதும் மகிழ்ச்சி. கண்ணை விரித்து விரித்துப் பார்த்தார். "எங்கே நிக்கோடெமஸ்? எனக்குத் தெரியவில்லையே" என்றார். தரையிலிருந்து ஆங்காங்கே எழுந்துகொண்டிருந்த புகையைக் கணவர் காட்டினார். "அதுதான் நிக்கோடெமஸ்" என்றார். வில்லியானா அழத் தொடங்கிவிட்டார்.

வீடுகள் எல்லாம் மண்ணுக்குள் இருந்தன. அந்தச் சமவெளியில் வீடு கட்ட மரம் கிடையாது. ஆற்றோரமாகச் சில மரங்கள், மற்றபடி கண்ணுக்கெட்டியவரை புல். மேட்டுச் சரிவையோ வெறுந்தரையையோ தோண்டி, மேலே கழிகளைப் போட்டு, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் மூடிவிடுவார்கள். ஒரு மூலையில் அடுப்பு, புகை போக ஒரு துளை. மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். கென்டக்கியில் நிழல்மரமும் நீரோடையும் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் குழிக்குள் இறங்கிக் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. முதல் கூட்டத்தோடு வந்த எம்மா வில்லியம்ஸ் அந்த இலையுதிர்காலத்திலேயே ஒரு குழிவீட்டில் ஆண்குழந்தை பெற்றார். ஹென்றி என்று பெயரிட்டார்கள். அந்த ஊர் மண்ணில் பிறந்த முதல் குழந்தை அவன்.

வந்த சில நாட்களிலேயே பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. ஆத்திரத்தில் சிலர் ஹில்லைத் தூக்கில் போடத் தேடியதாகவும், அவர் ஒளிந்து தப்பியதாகவும் ஊரில் சொல்லிவருகிறார்கள். மற்றவர்கள் தங்கினார்கள். பலரிடம் திரும்பிப் போக வண்டிக்கூலி இல்லை என்பதும் உண்மைதான். குளிர்காலத்துக்கு முன் விதைக்க நேரமில்லை, கையிருப்பும் இல்லை. வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடி மக்கள் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்துகொண்டதால்தான் முதல் குளிர்காலத்தைக் கடந்தோம் என்று இந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. தங்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்த மக்கள், நிலம் தேடி வந்த மக்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். குடியேற்ற நிலச் சட்டம் "காலி நிலம்" என்று பங்கிட்டது ஒரு காலத்தில் பழங்குடிகளின் வேட்டைக்காடாக இருந்த நிலத்தைத்தான். இதைச் சொல்லாமல் நிக்கோடெமஸின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

வசந்தம் வந்தபோது உழுவதற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகளே இருந்தன. எஞ்சியவர்கள் மண்வெட்டியும் களைக்கொட்டும் கொண்டு புல்தரையைக் கொத்தினார்கள். எத்தனையோ நூற்றாண்டு வேர் பின்னிக் கிடந்த தரை அது. இரும்புக் கலப்பையே திணறும். ஆண்கள் பலர் ரயில் பாதை வேலைக்கும் பண்ணை வேலைக்கும் தொலைதூரம் போய்ப் பணம் கொண்டுவந்தார்கள். அதுவரை நிலத்தைக் காத்தவர்கள் பெண்கள்தான். பதிந்த நிலத்தில் ஆள் இல்லாவிட்டால் உரிமை போய்விடும். ஊர்க் கம்பெனித் தலைவர் ஸ்மித்தின் மகள் ஜென்னி ஃபிளெட்சர் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவர் கணவர் ஜாக்கரி ஃபிளெட்சர் முதல் அஞ்சலகத்தை நடத்தினார், பிறகு செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற விடுதியைக் கட்டினார்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நகராட்சி இல்லையென்றால் அரசியல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1878-இல் வந்து சேர்ந்த எட்வர்ட் மெக்கேப் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோவில் எழுத்தராக வேலை பார்த்தவர், சட்டம் தெரிந்தவர். 1880-இல் கிரஹாம் கவுண்டி முறையாக அமைக்கப்பட்டபோது ஆளுநர் அவரைத் தற்காலிகக் கவுண்டி எழுத்தராக நியமித்தார். 1882-இல் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளர் தேர்தலில் வென்றார். 1884-இல் மீண்டும் வென்றார். கான்சாஸில் மாநிலம் தழுவிய பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். மேயர் நாற்காலி இல்லாத ஊரிலிருந்து மாநிலக் கருவூலக் கணக்கைச் சரிபார்க்கும் நாற்காலிக்குப் போயிருக்கிறார். ஊருக்கு மன்றம் இல்லாவிட்டாலும் டவுன்ஷிப் இருந்தது, அதில் வாக்கு இருந்தது. தெற்கே வாக்குச்சாவடிப் பக்கம் போனாலே உயிருக்கு ஆபத்து என்றிருந்த காலத்தில், இங்கே கறுப்பினத்தவர்கள் டவுன்ஷிப் பொறுப்புகளில் இருந்தார்கள், டவுன்ஷிப் பெயரில் கடன் பத்திரங்கள் வெளியிடுவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள்.

1880-களின் நடுவில் ஊர் தலையெடுத்தது. வயல்களில் மக்காச்சோளமும் கோதுமையும். குழிவீடுகளின் இடத்தில் மண்கட்டி வீடுகள், பிறகு சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். பலசரக்குக் கடைகள், மருந்துக் கடை, வங்கி, விடுதிகள், பள்ளி, தேவாலயங்கள். இலக்கியக் கழகமும் பேஸ்பால் குழுவும்கூட. 1886-இல் ஒரு வாரப் பத்திரிகை, மறு ஆண்டு இன்னொன்று. கடைக்காரர்களில் சில வெள்ளையரும் இருந்தார்கள். இரண்டு பத்திரிகைகளும் வாரம் தவறாமல் பேசிய விஷயம் ஒன்றே: ரயில் எப்போது வரும்?

"ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்" என்று நம் பழமொழி சொல்லும். அன்றைய கான்சாஸில் பாழ் என்பது ரயிலில்லா ஊர். விளைந்த தானியத்தை வண்டி கட்டி முப்பது மைல் கொண்டுபோனால் விலையில் பாதி வழியிலேயே போய்விடும். எனவே ஊர்கள் ரயில் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து அழைத்தன. 1887-இல் டவுன்ஷிப் மக்கள் மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்காக 16,000 டாலர் பத்திரங்களுக்கு வாக்களித்தார்கள். பத்தாண்டுக்கு முன் குழியில் வாழ்ந்தவர்கள் தங்கள் வருங்கால வரியை அடகு வைத்துச் செய்த முடிவு அது. மிசௌரி பசிபிக் வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தெற்கே, சுமார் ஆறு மைல் தள்ளி. அங்கே போக் என்ற ரயிலடி ஊர் முளைத்தது. வணிகர்கள் கடையைக் கழற்றிக்கொண்டு போக் நோக்கி நகர்ந்தார்கள். இரண்டு பத்திரிகைகளும் போய்விட்டன. சில மாதங்களில் ஊரின் வணிகத் தெரு வெறிச்சோடியது.

நிறுவனம் ஏன் அப்படிப் பாதையை வளைத்தது என்பதற்கு நிலவியல், செலவு, போட்டி என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. இனப் பாகுபாடும் அதில் இருந்தது என்று சந்ததியினர் நம்புகிறார்கள். அந்தக் காலத்தைப் படிக்கும் யாரும் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. விளைவு மட்டும் தெளிவு. போக் சட்டப்படி நகரமாயிற்று. ஹில் தன் பெயரிலேயே உருவாக்கிய ஹில் சிட்டி கவுண்டித் தலைநகரமாயிற்று. நிக்கோடெமஸ் நகராட்சி ஆகும் காலம் வரவே இல்லை. மெக்கேப்பும் ஓக்லஹோமா சென்று 1890-இல் லாங்ஸ்டன் என்ற ஊரை உருவாக்குவதில் முன்னின்றார்.

மேற்குச் சமவெளியில் ரயில் தவறவிட்ட ஊர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் புல் மூடிப் போயின. நிக்கோடெமஸ் மட்டும் ஏன் மறையவில்லை? கடைகள்தானே நகர்ந்தன, நிலம் நகரவில்லை. சுற்றியுள்ள 160 ஏக்கர்களுக்குப் பட்டா இந்தக் குடும்பங்களின் கையில் இருந்தது. வணிகர்களுக்கு நிக்கோடெமஸ் ஒரு சந்தை மட்டுமே. உழவர்களுக்கு அது தேவாலயமும் பள்ளியும் இடுகாடும் இருக்கும் இடம். தாத்தா பெயருக்கு வந்த முதல் நிலம் அங்கே இருக்கிறது. தெருவில் கடை இருந்தால்தான் ஊர் என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை.

அதற்குப் பின் நடந்தது நீண்ட, மெதுவான இழப்பு. 1907-இல் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்பும் அளவுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலம் இருந்தது. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து அடித்தன. இந்த ஊர் நூறாம் தீர்க்கரேகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் மழையை நம்பி விவசாயம் செய்ய முடியாது என்பார்கள். கோட்டின் விளிம்பில் இருப்பவர்களுக்கு ஓராண்டு கொழிக்கும், ஓராண்டு காயும். 1939-இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் டவுன்ஷிப் மண்டபம் கட்டினார்கள். 1953-இல் அஞ்சலகம் மூடப்பட்டது. ஒரு கிராமத்தில் அஞ்சலகம் மூடப்படுவது என்றால் என்ன என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1960-ஐ ஒட்டிப் பள்ளியும் போயிற்று. இளைஞர்கள் டென்வருக்கும் கான்சாஸ் சிட்டிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போனார்கள். அப்படி வெளியே போய்ப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் 1932-இல் அங்கே பிறந்த வெரில் சுவிட்சர். 1954-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் தன் ஊர் நிலத்தைக் கவனிக்கத் திரும்பிவந்துகொண்டே இருந்தார்.

திரும்பி வருவது அங்கே ஒரு வழக்கம். ஊர் தொடங்கிய மறு ஆண்டிலிருந்தே விடுதலைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் ஆகஸ்ட் 1. மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷ் பேரரசு அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்த நாள் அது. தங்கள் விடுதலையை உலகின் பிற கறுப்பின மக்களின் விடுதலையோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இப்போது ஜூலைக் கடைசி வார இறுதியில் நடக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வருவதுபோலப் பல மாநிலங்களிலிருந்தும் சந்ததியினர் வருகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாள் 14 பேர் ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள். அணிவகுப்பு, ஆராதனை, விருந்து, மூதாதையர் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல். இந்தக் குடும்ப நினைவுகளைத் திரட்டி வரலாறாக்கியதில் ஏஞ்சலா பேட்ஸின் பங்கு மிகப் பெரிது. ஊர்ச் சந்ததியான அவர் 1988-இல் நிக்கோடெமஸ் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும், 1996-இல் தேசியப் பூங்காத் துறையின் வரலாற்றுத் தலமாகவும் ஊர் அறிவிக்கப்பட்டது. டவுன்ஷிப் மண்டபம், பழைய பாப்டிஸ்ட் தேவாலயம், ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், ஃபிளெட்சர் கட்டிய விடுதி, பள்ளிக்கூடம் ஆகிய ஐந்து கட்டடங்கள் அந்தத் தலத்தில் அடங்கும்.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, நிலத்துக்கு வரவில்லை. 1920-இல் அமெரிக்காவில் சுமார் 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. கடன் தருவதில் கூட்டரசின் வேளாண் துறை பாகுபாடு காட்டியது என்று நாடு முழுவதும் கறுப்பின விவசாயிகள் தொடுத்த வழக்கு 1999-இல் சமரசத்துக்கு வந்தபோது பலர் ஏற்கெனவே நிலத்தை விற்றுவிட்டிருந்தார்கள். நிக்கோடெமஸைச் சுற்றியும் சொந்த நிலத்தில் தாங்களே பயிரிடும் பழைய குடும்பங்கள் மிகச் சில. கான்சாஸ் கறுப்பின விவசாயிகள் சங்கம் இங்கே வேர்கொண்டு எழுந்ததும், ஊர்ப் பெயரில் கோதுமை மாவு விற்க முயன்றதும் அந்தச் சிலரின் பிடிவாதத்தால். வரலாற்றுத் தலம் என்ற பலகை நிற்கும் அளவுக்காவது அந்த வயல்களும் அந்தக் கைகளிலேயே நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நீங்கள் நேரில் போக நினைத்தால் ஜூலைக் கடைசியில் போங்கள். 24-ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே செல்கிறது, ஆனால் எல்லிஸிலிருந்து வடக்கே வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள். காரில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அவர்கள் இரண்டு நாள் நடந்த தூரம் அது. ஊரை நெருங்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி வடக்கே பாருங்கள். இப்போது புகை எழுவதில்லை. கூரைகள் சில தெரியும், தேவாலயம் தெரியும்.